எண்ணுக்கேற்ற உயரம்

மீன்பிடித் தடைக்காலம் முடியச் சில வாரங்களே இருந்த ஒரு வைகாசிக் காலையில், குருசடித்துறை ஆண்கள் கரையேற்றிய படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் பெயிண்ட் நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டும் இருந்த நேரத்தில், தவசிக்கனி அண்ணாச்சி தன் எலக்ட்ரிக் கடையின் ஷட்டரைத் தூக்கினார். முந்தின நாள் கண்ணாடி அலமாரியில் அவர் அடுக்கிவிட்டுப் போன சார்ஜ் ஏற்றும் பேட்டரிகளில் பெரும்பாலானவை மேலே எழும்பியிருந்தன. 9900 என்று உறையில் அச்சடித்தவை கூரை ஓட்டோடு ஒட்டிக்கொண்டும், 6000 என்று அச்சடித்தவை மின்விசிறிக்குச் சற்றுக் கீழேயும், 4200 என்று அச்சடித்தவை அண்ணாச்சியின் நெஞ்சு உயரத்திலும் அசையாமல் நின்றன. அலமாரியில் வைத்தது வைத்தபடி படுத்துக் கிடந்தவை ஒரு கைப்பிடிகூட இல்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார், பிறகு பக்கத்து வீட்டில் போய் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை இரவல் வாங்கி வந்து வியாபாரத்தைத் தொடங்கினார்.

அன்றைக்கு முதலில் கடை ஏறியவள் கித்தேரி. தேவாலயத்தில் பாதிப் பூசையில் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நற்கருணை வாங்கும் நேரத்துக்குத் திரும்பி வருகிறவள் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பெண்.

"என்ன அண்ணாச்சி, எல்லாத்தையும் மேல ஏத்தி வச்சிட்டீங்க?"

"நான் எங்க ஏத்துனேன்? அதுவா போயிருக்கு. எது வேணும்னு கைகாட்டு தாயி, இழுத்துத் தாரேன்."

"கீழ கெடக்கிறது என்ன?"

"அது பழைய மாடல். கனமா இருக்கும், நம்பரும் கம்மி. ஒனக்கு எதுக்கு அது?"

கித்தேரி அன்று எதையும் வாங்காமல் வந்துவிட்டாள். வாங்கியிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்தாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் அதிகம் பேர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் மட்டும் மீட்டரும் அளவு நாடாவும் கொண்டுவந்து இரண்டு நாள் கடையில் ஏணி போட்டு ஏறி இறங்கினார். எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்று உறையில் எழுதியிருக்கிறதோ, உண்மையில் எவ்வளவு பிடிக்கிறதோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள பொய் எவ்வளவோ அவ்வளவு உயரம் என்று கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அந்த அளவுப் பேட்டரிக்குள் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் அடங்கவே அடங்காது, ஒன்பதாயிரம் என்று எழுதியிருந்தால் அது எழுதியவன் துணிச்சல் என்றும் சொன்னார். அமாவாசைக்கு நீரோட்டம் மாறும் என்பதைக் கேட்டுக்கொள்வதுபோல ஊர் அதையும் கேட்டுக்கொண்டது, கேட்டுக்கொண்டு, சரி இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தது.

முதலில் யோசித்தவள் தலைச்சுமையாக மீன் விற்கும் சேசம்மா. 9900 பேட்டரிகளில் பன்னிரண்டை நைலான் கயிற்றில் கோத்து மீன்கூடையின் அடியில் கட்டினாள். கூடை தலைக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் மிதந்து வர, அவள் கைவீசி நடந்து நாலு ஊர் சுற்றி விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பினாள். மறுநாள் எல்லாப் பெண்களும் அண்ணாச்சி கடையில் நின்றார்கள். தண்ணீர்க் குடத்துக்கு இரண்டு, விறகுக் கட்டுக்கு ஆறு, படுத்த படுக்கையாய்க் கிடந்த சவேரியைப் புரட்டிப் போட அவர் கட்டிலுக்கு நாலு மூலையிலும் ஒவ்வொரு டஜன் என்று வாங்கிப் போனார்கள். கோயிலில் பங்குச்சாமியின் கையிலிருந்த, புதுப் பேட்டரி போட்ட ஒலிவாங்கி பிரசங்கத்துக்கு நடுவில் எழும்பிப் போனது. சாமி பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற இடத்தில் இருந்ததால் நிறுத்தாமல் அண்ணாந்தபடியே பேசி முடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் கழுத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது.

ஆகவே குருசடித்துறையில் பெரிய பொய்க்கு நல்ல விலை கிடைத்தது. சரக்கு அனுப்புகிறவர்களும் புரிந்துகொண்டு 20000 என்றும் 50000 என்றும் அச்சடித்து அனுப்பினார்கள். ஒரு லட்சம் என்று போட்டு வந்த ஒன்று பெட்டியைப் பிரித்ததும் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போய்விட்டது. அது போன வழியாக ஒழுகிய மழைக்கு அண்ணாச்சி ஒரு அலுமினியச் சட்டியை வைத்தார், யாரையும் குறை சொல்லவில்லை. எடையளவு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்தார், எடை குறைவாக இருந்தால் வழக்குப் போடலாம், எடையே இல்லாததற்குத் தன்னிடம் படிவம் இல்லை என்று சொல்லி, மனைவிக்கு முட்டி வலி என்பதால் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போனார். அலமாரியில் படுத்துக் கிடந்த அந்தக் கைப்பிடிப் பேட்டரிகளைக் கேட்பாரில்லாததால் அண்ணாச்சி மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

கித்தேரிக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகுதான்.

குருசடித்துறைப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகும் சாமானைக் கடை ஏறி வாங்க வேண்டியது பெண். தூண்டில் நரம்பும் மருந்தும் தீப்பெட்டியும் டார்ச்சும் வயர்லெஸ் செட்டுக்குப் பேட்டரியும் அவள்தான் பார்த்து வாங்கி, ஓலைப்பெட்டியில் அடுக்கி மூடி, படகு புறப்படும்போது முழங்கால் தண்ணீரில் இறங்கிப் புருசன் கையில் கொடுப்பாள். அதற்குக் கைப்பெட்டி என்று பேர். வாங்கினவன் கரை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அதைத் திறக்கக் கூடாது. கரையிலேயே திறந்து பார்த்தால் வீட்டுக்காரி கையைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம், அன்றைக்குத் துறையில் எந்தப் படகும் போகக் கூடாது. ஒருதரம் ஒருத்தன் பீடி இருக்கிறதா என்று திறந்து பார்த்ததற்கு, அவன் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கித்தேரியின் புருசன் இன்னாசி தங்கு கடலுக்குப் போகிறவன், போனால் நாள்கணக்கில் கரை காணாதவன். செட்டில் பேச்சு நின்றால் அவன் இருக்கிறானா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. முந்தின வருடம் பக்கத்துத் துறையில் ஒரு படகு இன்ஜின் நின்று, செட்டும் நின்று, நீரோட்டத்தில் போய்விட்டது. போனவர்கள் நாலு பேர், திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அந்தப் படகுக்குக் கைப்பெட்டி கொடுத்தவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாத அந்த ஊர் வழியாகத்தான் அவள் தினமும் தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தது. கித்தேரி அவளைப் பஸ்ஸில் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

மேலே மிதக்கிற பேட்டரியை வயர்லெஸ் செட்டில் போட்டால் கடலில் செட்டு கையை விட்டுப் போய்விடும் என்று தெரிந்ததும், தடைக்காலம் முடியும் வாரத்தில் அண்ணாச்சி கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. நீல உறை, மேலே நங்கூரப் படம். எண் என்னவோ 9900தான், ஆனால் கையில் வைத்தால் கல் மாதிரிக் கிடந்தது. கடல் ஸ்பெஷல் என்றார் அண்ணாச்சி. பெண்களெல்லாம் ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கினார்கள். கித்தேரி ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாள்.

"அண்ணாச்சி, உள்ள என்னமோ ஓடுது."

"கரண்டு ஓடும் தாயி."

"கரண்டு இப்பிடி சரக்கு சரக்குன்னு சத்தம் போடுமா?"

"புதுக் கரண்டு."

"மணல் மாதிரி கேக்கு."

"ஏட்டி கித்தேரி," என்றாள் பக்கத்தில் நின்ற சேசம்மா, "ஒனக்கு அரிசி மூட்டையக் குலுக்குனாலும் மணல் மாதிரிதான் கேக்கும். பறந்தா பறக்குதுங்க, படுத்தா படுத்திருக்குங்க. பேட்டரி ஒன்ன என்னதான் செய்யணும்?"

"செட்டு ஓடணும்கா."

"நான் பொய்யக் கட்டித்தான் கூடை தூக்குதேன். முப்பது வருசமா ஒடிஞ்ச கழுத்து இப்பத்தான் நிமிந்திருக்கு. ஒன் உண்மைய வச்சு ஒரு கிலோ சூடை மீனத் தூக்க முடியுமா, சொல்லு."

சேசம்மா சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாகக் கித்தேரிக்குத் தெரியவில்லை. அவள் அண்ணாச்சியைப் பார்த்து வேறொன்று கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு டார்ச்சுல இதத்தான் போட்டிருக்கீங்களா?"

அண்ணாச்சி தெருவில் போன ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க வீட்டம்மா டவுன்ல வாங்குதா," என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை. தன் வீட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை, கேட்காததைச் சொல்லவும் வரவில்லை.

படகுகள் புறப்படுவதற்கு முந்தின நாள் கித்தேரி பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். வயர்லெஸ் செட்டு வாங்கிய கம்பெனியின் ஏஜென்சியைத் தேடிக் கண்டுபிடித்தபோது, கல்லாவில் ரஹ்மத் என்ற பெண் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தவள் மறுபடி மூடி வைத்தாள். கித்தேரி கேட்ட பேட்டரியில் இரண்டு ஜோடி எடுத்து மேசையில் வைத்தாள். அவை மேசையில் கிடந்தன. கித்தேரி ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டினாள், சத்தம் இல்லை.

"ஆட்டிப் பாத்தது போதாதுக்கா," என்றாள் ரஹ்மத். "உறையில அச்சு மங்கலா இருக்கா, கம்பெனி பேருல ஒரு எழுத்து மாறியிருக்கான்னு பாருங்க. இந்தா, இந்தப் பதிவு நம்பர அரசாங்க ஆப்புல போடுங்க, எங்க கம்பெனி பேருதான் வரணும். வேற பேரு வந்தா என்கிட்டயே சண்டைக்கு வாங்க."

கித்தேரி போட்டாள். கம்பெனி பேர்தான் வந்தது. சீல் ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினால் ஒரு குறி தெரிந்தது, அதையும் போனில் அடித்துப் பார்த்தார்கள். அட்டையில் ஒன்றின் எடை இத்தனை கிராம் என்று போட்டிருந்தது. கித்தேரி தயங்கித் தயங்கி, இங்கே தராசு இருக்கிறதா என்று கேட்டாள். ரஹ்மத் பக்கத்து நகைக்கடைக்குக் கூட்டிப்போனாள், தாலிச்சரடு நிறுத்துக்கொண்டிருந்த ஆசாரி அதை ஓரமாக வைத்துவிட்டுப் பேட்டரியை நிறுத்தார். எடை சரியாக இருந்தது. செய்கூலி கேட்கவில்லை.

"செட்டோட வந்த சார்ஜர்லயே போடுங்க. கண்ட சார்ஜர்ல போடாதீங்க," என்று பில் எழுதும்போது ரஹ்மத் சொன்னாள். "சூடு கொதிச்சாலோ, உப்புனாலோ, ஒரு மாதிரி வாடை வந்தாலோ ஒடனே கழட்டித் தூரமா வச்சிருங்க. என்ன இருக்குன்னு அறுத்து மட்டும் பாத்திராதீங்க, தீப்பிடிச்சிரும்."

"இவ்வளவும் சரியா இருக்கே, அப்ப நல்ல பேட்டரிதான?"

"நல்லதுதான்கா."

"நிச்சயமா?"

ரஹ்மத் தன் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தாள், பிறகு கித்தேரியின் முகத்தைப் பார்த்தாள். "நான் விக்கிறவ. நான் நிச்சயம்னு சொன்னா ஒங்களுக்கு நிச்சயம் ஆயிருமா? ஒரு முழு நாள் ஓட விட்டுப் பாருங்க. போட்டிருக்கிற நம்பருக்கு ஓட வேண்டிய நேரம் ஓடுச்சுன்னா, அது சொல்லும்."

ஒரு முழு நாள் கித்தேரியிடம் இல்லை. சாயங்காலப் பஸ்ஸில் வந்து இறங்கினாள், செட்டோடு வந்த சார்ஜரில் போட்டாள், விடிந்தபோது பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியில் அடுக்கி மூடினாள், மூடியதைத் திறந்து ஒருமுறை பார்த்தாள், மறுபடி மூடினாள்.

துறையில் எல்லாப் படகுகளும் தண்ணீரில் நின்றன. சாமி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார். ஊர்த் தலைவர் ரபேல் கையைத் தூக்கியதும் பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைப்பெட்டிகளை நீட்டினார்கள், ஆண்கள் குனிந்து வாங்கினார்கள். கித்தேரியும் நீட்டினாள். இன்னாசி பிடித்து இழுத்தபோது பெட்டி வரவில்லை. அவள் விடவில்லை.

"விடு தாயி," என்றான் இன்னாசி மெதுவாக.

"தொறந்து பாருங்க."

"ஏட்டி, ஊரு பாக்குது."

"பாக்கட்டும். நீங்களும் பாருங்க. நல்ல பேட்டரிதான் வாங்கியிருக்கேன்னு நெனக்கேன். நெனக்கத்தான் செய்யுதேன், எனக்குத் தெரியல. இன்னைக்கு ஒரு நாள் கரையில ஓட விட்டுட்டு நாளைக்குப் போங்க."

முதலில் வாய் திறந்தவள் சேசம்மாதான். "அப்ப எங்க கையெல்லாம் என்ன கையாம்?"

"ஒங்க கைய நான் ஒண்ணும் சொல்லலக்கா. கையில இருக்கிறதச் சொல்லுதேன்."

"வாங்குனது கைதான?"

"ஆமா. நானும் ஒங்க கூடத்தான் நின்னேன். அந்த நங்கூரத்த ஆட்டிப் பாருங்க. ஆட்டிப் பாத்துட்டு என்னைய வையுங்க."

இன்னாசி அவள் முகத்தைப் பார்த்தான். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போகிறபோது பூசையில் அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இந்த முகத்தோடு கரையில் இவளை விட்டுவிட்டு இத்தனை நாள் கடலில் என்ன செய்வது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் பெட்டியைத் திறந்தான்.

ரபேல் தலைவர் இருந்த கோபத்தில் துண்டை உதறித் தண்ணீரில் போட்டுவிட்டு, அது நனைந்ததும் அதற்கும் கோபப்பட்டார். பெட்டி திறந்தாயிற்று, இனி சூரியன் விழும்வரை எந்தப் படகும் போக முடியாது. ஐஸ் கரையும், டீசல் போட்டது போட்டபடி நிற்கும். வேறு ஒரு வேலையும் இல்லாத மனிதனின் எரிச்சலோடு அவர் சொன்னார்: "போகத்தான் முடியாதுன்னு ஆயிப்போச்சு. எல்லாரும் செட்டப் போடுங்கல. போட்டுப் பேசுங்க. எவன் எதுவரைக்கும் பேசுதான்னு பாப்போம்."

பேசினார்கள். ஒரே கரையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அவரவர் படகில் உட்கார்ந்துகொண்டு துறை முழுவதும் வயர்லெஸ்ஸில் பேசியது.

"தலைவரே, கேக்குதா? ஓவர்."

"ஒன் சத்தம் செட்டுல வாரதுக்கு முந்தி காதுல வந்துட்டு மூதேவி. ஓவர்."

பேச விசயம் தீர்ந்ததும் ஜெபமாலை சொன்னார்கள், ஜெபமாலை முடிந்ததும் பெயிண்ட் நிறத்தைப் பற்றி விட்ட சண்டையைத் தொடர்ந்தார்கள். வலை வெட்டிய தகராறில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த பவுலும் அவன் தம்பியும், செட்டில் ஒருவன் ஓவர் சொல்லாமல் அடுத்தவன் வாயைத் திறக்க முடியாது என்பதால், முதல்முறையாக ஒருவர் சொல்வதை இன்னொருவர் கடைசிவரை கேட்கும்படி ஆயிற்று. வலையை வெட்டியது ஒரு சுறா என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. பெண்கள் சோறும் குழம்பும் கரைக்கே கொண்டுவந்தார்கள். கித்தேரிக்கு யாரும் இலை போடவில்லை. அவளும் போய் உட்காரவில்லை.

வெயில் சாய்வதற்குள்ளேயே செட்டுகள் நிற்கத் தொடங்கின. பவுல் "அண்ணன்னு இருந்தா" என்பதோடு நின்றான், அவன் என்ன சொல்ல வந்தான் என்பது தம்பிக்குத் தெரியவில்லை. சேசம்மாவின் புருசன் அவளைப் பற்றி எதையோ சொல்லிச் சிரிக்கவைக்கப் போன இடத்தில் நின்றான். நின்ற பேட்டரிகளில் சில கைதாங்காத சூட்டில் இருந்தன, இரண்டு உப்பியும்விட்டன. கித்தேரி ஓடிப்போய், அறுக்க வேண்டாம், குத்த வேண்டாம், படகை விட்டுத் தள்ளி மணலில் வையுங்கள் என்று கத்தினாள். இந்த முறை அவள் சொன்னபடி செய்தார்கள்.

சேசம்மா ஆறிப்போன ஒரு நங்கூரப் பேட்டரியை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். நெடுநேரம் ஆட்டினாள். பிறகு மற்ற பெண்களும் ஆட்டினார்கள். கரை முழுக்கச் சின்னச் சின்னச் சரக்கு சரக்கு என்ற சத்தம், அலை உள்வாங்கும்போது சிப்பிகள் உருள்வதுபோலக் கேட்டது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தவசிக்கனி அண்ணாச்சி, "நான் கடல்ல எறங்காதவன், எனக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்," என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி ஒரு சாக்கைக் கொண்டுவந்து, திருப்பிக் கொடுக்கிறவர்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"கூடைக்கு உள்ளத நான் தர மாட்டேன் அண்ணாச்சி," என்றாள் சேசம்மா. "அது வேற. அது என் தலை."

பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியபோது பேசிக்கொண்டிருந்தது இரண்டு செட்டுகள், ரபேல் தலைவருடையதும் இன்னாசியுடையதும். தலைவருடையது அவர் மகள் துபாயிலிருந்து அனுப்பியதாம். பிறகு அதுவும் கரகரத்து நின்றது. இன்னாசியின் செட்டில் பச்சை விளக்கு காலையில் இருந்ததுபோலவே இருந்தது.

"ஏட்டி, நல்ல பேட்டரிதான்!" என்று படகில் எழுந்து நின்று கத்தினான் இன்னாசி. அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. பொத்தானை அமுக்கினான். "கேக்குதா? ஓவர்."

விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். இரைச்சல் மட்டும் வந்தது. துறையில் அத்தனை செட்டுகளும் மடியில் இருட்டாகக் கிடந்தன. இந்த நேரம் வந்தால் மூச்சு விடலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த கித்தேரி அந்தச் செட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவ்வளவு பார்த்து, சுரண்டி, எடை போட்டு வாங்கி, ஓடவும் விட்டாயிற்று. நாளைக்கு நடுக்கடலில் அவன் அமுக்கினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

அவள் நினைத்ததை ரபேல் தலைவரும் நினைத்திருக்க வேண்டும். செத்துப்போன செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கித்தேரி, டவுனுக்கு மொத பஸ்சு எத்தன மணிக்கு?"

"அஞ்சரைக்கு மாமா."

"எல்லாரும் ஏற எடம் இருக்குமா?"

"நின்னுக்கிட்டுப் போவோம்," என்றாள் சேசம்மா, கித்தேரியைப் பார்க்காமல், ஆனால் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு.

"அந்தக் கடைப் பொண்ணு சாப்பிடுற நேரமாப் பாத்துப் போகாம இருக்கணும்கா."

"ஏட்டி, நீ இன்னும் சாப்பிடலல்லா?"

படகில் இன்னாசி இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இவர்கள் பேசியது காதில் விழவில்லை. மறுபடியும் பொத்தானை அமுக்கி, "கேக்குதா? யாருக்காவது கேக்குதா? ஓவர்," என்று சொல்லிவிட்டு, செட்டைக் காதில் வைத்துக்கொண்டு இருண்டுவரும் கரையைப் பார்த்தான்.

கித்தேரி முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினாள்.

"கேக்குது," என்று வாயாலேயே சொன்னாள். அவன் விரலை எடுத்துவிட்டு இன்னும் காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஓவர்," என்றாள்.